மூன்று குளிர்காலம் பூட்டிய ஹீற்றர்

இது நடந்து இரண்டு வருசம் ஆகிறது. இடம், சுவிசில் லுசேர்ணில் இருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் மேலே ஏறிப்போகும் ஒரு மலைக் கிராமம். கார்த்திகையில் பனி கொட்டத் தொடங்கினால் பங்குனி முடியும் வரை நிலத்தைக் காண முடியாது. நான் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறேன். பட்டணத்து வாடகை கட்டி முடியாமல் மனைவியையும் ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குக் குடிபோனேன். பழைய கட்டடம். ஆறு வீடுகள். எங்களுடையது நடுமாடி.

நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் குளிர்காலம் எல்லோரையும் போல ஹீற்றரைத் திறந்து விட்டோம். அடுத்த கோடையில் ஒரு கடிதம் வந்தது. வாடகையோடு சூட்டுக்கும் தண்ணிக்கும் மாதாமாதம் கட்டிய காசு போதவில்லை, மிச்சத்தைக் கட்டு என்று. எண்ணெய் விலை ஏறியிருந்த காலம் அது. கடிதத்தில் எனக்கு விளங்கியது அந்தத் தொகை மட்டும்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மனைவியிடம் இரண்டு நாள் சொல்லவில்லை.

இங்கே கட்டாத பில்லுக்கு ஒரு பதிவு விழும். பெற்ரைபுங் என்பார்கள். அது விழுந்தால் வேறு வீடு எடுக்க முடியாது. விசாவில் கேள்வி வரும். பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட முடியாது. மகளுக்கு அப்போது பதினாலு வயது. அவளுக்குச் சுவிசின் சிவப்புப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. அது என்னால் கெடக் கூடாது.

மகள் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"தாங்கோ அப்பா, நான் வாசிச்சுச் சொல்லுறன்."

"பெரியாக்களின்ரை கடதாசி உனக்கு வேண்டாம். நீ உன்ரை படிப்பைப் பார்."

எனக்குத் தெரிந்தது குசினி ஜெர்மன். தட்டு, கத்தி, கெதியாய். ஆனாலும் பிள்ளையிடம் கொடுத்து வாசிப்பிக்க மனம் வரவில்லை. தகப்பன் கட்ட முடியாமல் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன்.

வேலையில் கூட நிற்கிற எங்கள் ஆள் ஒருவரிடம் கேட்டேன். ஓர்லிகோன் என்ற இடத்தில் பல வருசம் குடியிருந்தவர். எல்லாம் தெரிந்தவர் என்று பெயர்.

"அண்ணை, ஹீற்றரிலை ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருக்கும். அதுதான் கள்ளன். நீங்கள் திறக்கத் திறக்க அது எண்ணிக்கொண்டிருக்கும். இரவிலை பூட்டுங்கோ. ஆக்கள் இல்லாத அறையைப் பூட்டுங்கோ. யன்னலைத் திறந்தியளோ, துலைஞ்சியள்."

வீட்டுக்கு வந்து தேடினேன். எங்கள் ஹீற்றரில் பெட்டி ஒன்றும் இல்லை. திருகிற குமிழில் ஒன்றில் இருந்து ஐந்து வரை இலக்கம் இருந்தது. சரி, இங்கே கள்ளன் இதற்குள்ளேதான் இருக்கிறான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்தப் பெட்டி ஏன் இல்லை என்று ஒரு ஆளிடம் கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

அடுத்த குளிர்காலம் எல்லா ஹீற்றரையும் குமிழைத் திருகிப் பூட்டினேன். குசினியில் மட்டும் ஒன்றில் விட்டேன். யன்னல் இடுக்குகளுக்கு ரேப் ஒட்டினேன். வீட்டுக்குள் ஜக்கெட் போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டோம். புட்டு, இடியப்பம் அவிக்கிற நாளில் குசினி கொஞ்சம் சூடாக இருக்கும். மனைவி அவித்து முடிந்த பிறகும் பானையை இறக்காமல் ஆவியில் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். அவள் துப்புரவு வேலைக்குப் போகிறவள். தண்ணியில் ஊறின விரல்கள், மடக்கினால் நோகும். நான் கரண்ட் காசு ஏறுது என்று அடுப்பை நிற்பாட்டுவேன்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை இருமுறாள். அவளின்ரை அறையிலை எண்டாலும் கொஞ்சம் திறந்துவிடுங்கோ."

"ரெண்டு போர்வை குடும். காணும்."

அதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

கீழ் வீட்டில் ஒரு சுவிஸ் தம்பதி, ஓய்வு எடுத்தவர்கள். அவர்களுடைய யன்னல் தை மாதத்திலும் பகல் முழுக்கச் சரித்துத் திறந்தபடி இருக்கும். யன்னலுக்குக் கீழே ஹீற்றர் கொதிக்கும். அந்த மனுசன் உள்ளே அரைக்கைச் சட்டையோடு நடப்பார். நான் வேலையால் வரும்போது அதைப் பார்த்துச் சிரிப்பேன். "காசை யன்னலாலை எறியுதுகள்" என்று மனைவியிடம் சொல்லுவேன்.

அந்த அம்மா ஒரு நாள் கதவைத் தட்டி மகளிடம் ஒரு சோடி கம்பளிக் காலுறை கொடுத்தார். தானே பின்னியதாம். படியில் மகளுடைய கையைத் தொட்டுப் பார்த்தாராம், ஐஸ் மாதிரி இருந்ததாம். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது.

"நாங்கள் பிச்சை எடுக்க வந்தனாங்களோ? கொண்டுபோய்த் திருப்பிக் குடு."

மகள் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒளித்து வைத்திருந்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அவள் பள்ளிக்கூடத்தால் பிந்தி வரத் தொடங்கினாள். நூலகம் என்பாள், சிநேகிதி வீடு என்பாள். ஊர் சுற்றுகிறாள் என்று ஏசினேன். ஒரு நாள் பஸ்ஸால் இறங்கிப் பார்த்தேன். கிராமத்து பஸ் ஸ்டேசனில் ஆட்கள் காத்திருக்கும் அறையில் ஹீற்றருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு கணக்குச் செய்துகொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. நேரே வீட்டுக்குப் போனேன். ஏன் கூப்பிடவில்லை என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கோடையில் மறுபடியும் கடிதம் வந்தது. தொகை குறையவில்லை, கூடியிருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள்.

"பூட்டாமல் விட்டிருந்தால் இதைப் போலை ரெண்டு மடங்கு வந்திருக்கும்" என்றேன். நான் அதை நம்பித்தான் சொன்னேன்.

அடுத்த குளிர்காலம் குசினி ஹீற்றரையும் பாதியாக்கினேன். அதற்கடுத்த குளிர்காலமும் அப்படியே.

அந்த மாசி மாதம் மகளுடைய கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்தது. பூஞ்சணம். ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. துடைத்தால் அடுத்த கிழமை வந்தது. அவளுடைய இருமல் நிற்கவில்லை. மனைவி என்னைக் கேட்காமலே கட்டடத்தைப் பராமரிக்கிற மனுசனைக் கூப்பிட்டாள்.

கிராமத்து ஆள். முழங்கால் வரை பனிச் சப்பாத்து. உள்ளே வந்ததும் நின்றார். குளிரில் அவருடைய மூச்சு புகையாகப் போனது. ஒவ்வொரு அறையாகப் போய் ஹீற்றரைத் தொட்டுப் பார்த்தார். யன்னலில் ஒட்டியிருந்த ரேப்பைப் பார்த்தார். ஏதோ கேட்டார். மகள் பதில் சொன்னாள். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, நம்ப முடியாத சிரிப்பு. பிறகு கையை விரித்து நீளமாக ஏதோ சொன்னார்.

மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னவாம்?" என்றேன்.

"ஒண்டுமில்லை அப்பா. யன்னலைத் திறந்து காத்து விடட்டாம்."

"அதுக்கே இவ்வளவு நேரம் கதைச்சவர்? சொல்லு."

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஏன் பூட்டி வைச்சிருக்கிறியள் எண்டு கேட்டார். மிச்சம் பிடிக்கிறம் எண்டன். ஆருக்கு மிச்சம் பிடிக்கிறியள் எண்டு கேக்கிறார். இந்த வீட்டிலை தனித்தனி மீற்றர் இல்லையாம். நிலவறையிலை ஒரு எண்ணெய்த் தாங்கிதானாம். எரியிற எண்ணெயின்ரை காசை ஆறு வீட்டுக்கும் வீட்டின்ரை அளவைப் பாத்துப் பிரிக்கிறவையாம். நாங்கள் பூட்டினாலும் ஒண்டுதானாம், திறந்தாலும் ஒண்டுதானாம். கோடையிலை வாற கடிதத்தின்ரை ரெண்டாம் பக்கத்திலை எழுதியிருக்காம்" என்றாள்.

அந்த மனுசன் ஹீற்றர் குமிழைத் திருகி விட்டுக்கொண்டிருந்தார். குழாய்க்குள் தண்ணி ஓடுகிற சத்தம் கேட்டது. மூன்று குளிர்காலம் கேட்காத சத்தம்.

மனைவி குசினிக்குள் இருந்து ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

"நல்லது. கீழ் வீட்டு ஐயா அரைக்கைச் சட்டையோடை திரியிறதுக்கு எங்கடை பிள்ளை இருமியிருக்கிறாள்."

கீழ் வீட்டாரில் பிழை இல்லை. அவர்களுக்கு நாங்கள் பூட்டி வைத்தது எப்படித் தெரியும்? ஓர்லிகோன் ஆள் தன் வீட்டு நியாயத்தைச் சொன்னார், அதிலும் பொய் இல்லை. பிழை முழுக்க என் சட்டைப் பைக்குள் மடித்துக் கிடந்தது.

பூஞ்சணச் சுவரைச் சுரண்டிப் பூசிய செலவு எங்கள் தலையில் விழுந்தது. காற்று விடாதது எங்கள் தவறு என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை மகள்தான் வாசித்தாள். நான் தடுக்கவில்லை.

அந்த ஆவணியில் அவளுக்கு பேர்ண் பக்கம் ஒரு ஆசுப்பத்திரியில் படிப்பும் வேலையும் சேர்ந்த இடம் கிடைத்தது. பதினெட்டு வயது அப்போதுதான் முடிந்திருந்தது. லுசேர்ணிலும் இடம் இருந்தது, வீட்டில் இருந்து போய் வரலாம். அவள் அந்த ஆசுப்பத்திரிக்குக் கிட்ட, ஓஸ்டர்முண்டிகனில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள். தூரம் குறைவு என்றாள். நான் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன். மேலே வைத்திருந்த உடுப்புக்குள் அந்தக் கம்பளிக் காலுறை தெரிந்தது. குதிக்கால் தேய்ந்து இருந்தது. திருப்பிக் கொடு என்று நான் சொன்ன அதே சோடி.

போன மார்கழியில் மனைவியும் நானும் அவளிடம் போனோம். சின்ன அறை. உள்ளே போனதும் முகத்தில் சூடு அடித்தது. சாப்பிடும்போது மகள் சொன்னாள்:

"அப்பா, ஜக்கெட்டைக் கழட்டுங்கோவன். இஞ்சை குளிர் ஒண்டும் செய்யாது."

கழற்றினேன். கழற்றிய ஜக்கெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தேன். அவள் எழும்பி யன்னலை முழுக்கத் திறந்தாள். ஐந்து நிமிடம் குளிர் உள்ளே வந்தது. பிறகு பூட்டினாள். அதற்கு முதலே, யன்னலைப் பூட்டவென்று நான் என்னையறியாமல் எழும்பப் போனேன். மனைவி என் கையைப் பிடித்து இருத்தினாள்.

பிரஜாவுரிமைக்கு அவள் தானே எழுதிப்போட்டிருக்கிறாள். பெற்ரைபுங் ஒன்றும் இல்லை. அந்த அளவில் நான் நினைத்தது நடந்தது.

இப்போது வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்புகிறேன். ஒரு நிமிடத்தில் ஒரு வரியில் பதில் வரும். "கட்டத் தேவையில்லை." "கையெழுத்து வைச்சு அனுப்புங்கோ." அதற்கு மேல் ஒன்றும் எழுத மாட்டாள்.

அவளுடைய அறை ஹீற்றரை நான் இப்போது பூட்டுவதில்லை. படுக்க ஆள் இல்லாத அந்த அறையில் அது மூன்றில் நின்று சுட்டுக்கொண்டிருக்கிறது, அதைத் தொடும்போதெல்லாம் பதினாலு வயதில் அவள் நீட்டிய கைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.