நஸீரா டீச்சர் எனக்குச் சொன்ன முடிவு

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நஸீரா டீச்சர் இறந்த செய்திக்கு நான் கேக் படம் அனுப்பினேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற எல்லோரும் அதைப் பார்த்தீர்கள். இன்றுவரை ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

செய்தி ஆங்கிலத்தில் வந்தது. நான் படித்தது தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு வரை. இங்கிலீஷ் எழுத்து தெரியும், கூட்டினால் சில சொற்கள் வரும். 'நஸீரா டீச்சர்' என்று கூட்டினேன். அடுத்தது 'பாஸ்' என்று வந்தது. பாஸ் என்றால் தெரியாதா? அதற்குப் பக்கத்தில் 'ஏ' தனியாக நின்றது. அது காலமானார் என்பதற்கான 'பாஸ்ட் அவே', அனுப்பியவர் அவசரத்தில் 'அவே'யை இரண்டாகப் பிரித்து அடித்துவிட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? போன மாதம்தான் டீச்சர் பதவி உயர்வுக்கு ஏதோ பரீட்சை எழுதியிருந்தார். ஏ எடுத்துப் பாஸ் பண்ணிவிட்டார் என்று நினைத்தேன். மூன்றடுக்குக் கேக் படமும் கை தட்டுகிற படமும் போட்டு, 'பார்ட்டி எப்போ டீச்சர்' என்று எழுதி அனுப்பிவிட்டு, நான் நடத்துகிற பாடசாலை கென்டீனுக்கு வடைக்கு அரைக்கப் போனேன்.

மகள் துளசி பல் துலக்கிக்கொண்டே போனைப் பார்த்தாள். பிரஷ் வாயிலேயே இருந்தது.

"அம்மா, நஸீரா டீச்சர் தவறிட்டாங்களாம்."

"தவறலடி. ஏ எடுத்துப் பாஸாகியிருக்காங்க. நல்லாப் பாரு."

அவள் நல்லாத்தான் பார்த்தாள். பிறகு நான் அனுப்பியதை அழித்தாள். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் அனுதாபச் செய்திகளுக்கு நடுவில் இன்னும் அங்கே இருக்கிறது.

அரைத்த மாவு இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் வடையாகச் சுட்டேன். சுட்டதை என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு, பாடசாலை ஒழுங்குபண்ணிய பஸ்ஸில் ஏறினேன். மரண வீட்டுக்கு வடையோடு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டீச்சர் வீடு யட்டவத்தையில். பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தோம். டீச்சரின் தங்கச்சி என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார்.

"கென்டீன் பரமேஸ் நீங்கதானே? ஒங்களுக்கும் தெரியாதா? எட்டு மாசமா கண்டி ஆஸ்பத்திரியில மருந்து எடுத்தாங்க. ஸ்கூல்ல ஒருத்தருக்கும் செல்ல வாணாம்னு எங்கள்ட்ட சத்தியம் வாங்கினாங்க."

செவ்வாய்க்கிழமைகளில் டீச்சர் லீவு போட்டுக் கண்டிக்குப் போவார். கண்ணாடிக்கு அளவு எடுக்கப் போகிறேன் என்பார். "இத்தன கண்ணாடிய எங்க டீச்சர் மாட்டுவீங்க, முதுகுலயுமா?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒவ்வொரு தடவையும் டீச்சர் சிரித்தார்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஜனாஸாவை எடுத்தார்கள். ஆண்கள் பின்னால் போனார்கள். வாசலில் கிடந்த செருப்புகளுக்குள் என்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் வரவில்லை. வெங்காயம் வெட்டும்போது வருவதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

டீச்சரும் நானும் ஒரே வயது. நம் பாடசாலைக்கு அவர் வந்த முதல் நாளே கென்டீன் ஜன்னலுக்கு வந்து, "பிளேன்டீ ஈக்குதா?" என்று கேட்டார். அவர்கள் பேச்சில் 'இருக்குது' என்பது 'ஈக்குது', 'சொல்றேன்' என்பது 'செல்றேன்'. எனக்கு வாய் சும்மா இருக்காது. "டீ இருக்கு டீச்சர், ஈ மட்டும் இல்ல. சுத்தமான கென்டீன்" என்றேன். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். புது டீச்சர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், கப்பை வாங்கி உள்ளே நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னக்கி இல்ல. நாளக்கியும் வந்து பாக்குறேன்" என்றார். நாளைக்கும் வந்தார். அப்படியே ஆறு வருடம் வந்தார்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒருமுறை கென்டீன் பலகையில் யாரையும் கேட்காமல் நானே இங்கிலீஷில் 'மீன் ரோல்ஸ்' என்று எழுதி வைத்தேன். ரோல்ஸுக்குப் பதிலாக ரூல்ஸ் என்று எழுதிவிட்டேனாம். டீச்சர் என்னிடம் மூச்சு விடவில்லை. ஒரு கிழமை முழுக்க ஒவ்வொரு வகுப்பாகப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பலகைக்கு முன்னால் நிறுத்திப் பிழை கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார். நான் வியாபாரம் கூடுகிறதென்று சந்தோஷமாக இருந்தேன். வெள்ளிக்கிழமை வந்து, "பரமேஸ், ஒங்கட கென்டீன்ல மீனுக்கெல்லாம் சட்டம் போட்டு ஈக்குதே, மீனெல்லாம் ஒழுங்கா நடக்குதா?" என்று கேட்டார்.

இனி பாடத்துக்கு வருகிறேன். நம் பாடசாலையில் பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் எல்லோருக்கும் உண்டு. ஆங்கில இலக்கியம் என்பது விரும்பினால் எடுக்கிற வேறு பாடம். அதை யாரும் விரும்பியதில்லை, அதனால் வகுப்பும் இருந்ததில்லை. நஸீரா டீச்சர் அதைத் தொடங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு தடவை பார்ப்போம், பிள்ளைகள் பெயிலானால் அதோடு நிறுத்திவிடுவேன் என்று பிரின்சிபல் ஸேர் சொல்லிவிட்டார். டீச்சர் ஒன்பது பேரைப் பிடித்தார். பத்தாவது ஆளுக்கு என் ஜன்னலுக்கு வந்தார். துளசி அப்போது நடனம் எடுப்பதாக இருந்தாள்.

"துளசியத் தாங்க, பரமேஸ்."

"என்னா டீச்சர், பொண்ணு கேட்டு வந்த மாதிரி இருக்கு. மாப்பிள்ள யாரு?"

"இங்கிலீஷ் லிட்ரேச்சர்."

"என்னா வேல செய்யிறாரு?"

"ஒரு வேலயும் இல்ல. வீட்டுல இருந்து பேசிக்கிட்டே ஈப்பார்."

"அப்ப எங்க வீட்டுக்காரர் மாதிரியேதான். வேணாம் டீச்சர், ஒன்னு போதும்."

சிரித்தோம். ஆனால் என் பயம் வேறு. நடனம் என்றால் பிள்ளை தானாக ஆடிப் பழகும். இங்கிலீஷ் கதையும் கவிதையும் வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பது? விளங்காமல் அவள் விழிக்கிறபோது நான் பக்கத்தில் இருந்து விழிக்க வேண்டும். அதைச் சொன்னேன். டீச்சர் கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப மொதல்ல ஒங்களுக்குச் செல்றேன். ஒங்களுக்கு வெளங்கினா வகுப்புக்குக் கொண்டுபோறேன். வெளங்காட்டி அது என்ட பிழை."

அப்படித்தான் நடந்தது. இன்டர்வல் கூட்டம் கலைந்த பிறகு வருகிற பாடவேளை டீச்சருக்கு ஓய்வு. கென்டீனுக்குள் வந்து பிளாஸ்டிக் கதிரையில் உட்காருவார். முதலில் இங்கிலீஷில் ஒருமுறை வாசிப்பார். "வெளங்க வாணாம், சத்தத்த மட்டும் கேளுங்க" என்பார். பிறகு தமிழில் சொல்வார். நான் தட்டுக் கழுவிக்கொண்டே கேட்பேன்.

மழையைப் பற்றி ஒரு கவிதை வந்தது. ஒரு ஆள் ஜன்னலில் நின்று மழையைப் பார்த்துப் பார்த்து உருகுகிறார். "மழ வந்தா கொடியில கெடக்கிற துணிய எடுக்காம இந்தாளு எழுதிக்கிட்டா நின்னாரு? அவரு சம்சாரம் ஒன்னும் சொல்லலியா?" என்று கேட்டேன். டீச்சர் சிரிக்காமல் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டார். மறுநாள் துளசி வீட்டுக்கு வந்து, "இந்தக் கவிதையில துணிய யாரு எடுத்தான்னு யாரோ கேட்டாங்களாம். பாடம் முழுக்க அதத்தாம்மா பேசினோம். கடைசியில நனஞ்சுகிட்டே துணி எடுத்த அந்தப் பொம்பளய நெனச்சு அழுகையா வந்திருச்சு" என்றாள். யார் கேட்டது என்று நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இன்னொரு நாள் வகுப்பில், மூன்றாவது லைனில் யார் யார் வருகிறார்கள் என்று டீச்சர் இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். கவிதையின் மூன்றாம் வரியைத்தான் கேட்டார். தோட்டத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை எழும்பி நின்று, அவர்கள் தோட்டத்து மூன்றாவது லயத்து வீட்டு வரிசையில் குடியிருக்கிற குடும்பங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் மேசையில் தட்டிச் சிரித்தார்களாம். டீச்சர் கடைசிக் குடும்பம்வரை கேட்டுவிட்டு உட்காரச் சொல்லியிருக்கிறார். நேரே கென்டீனுக்கு வந்தார்.

"பரமேஸ், லயம்டா லைன்தானே?"

"ஆமா டீச்சர். வெள்ளக்கார தொரமாரு வச்ச பேரு."

"இன்னும் என்ன ஈக்குது அப்பிடி?"

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு, கொழுந்து பார்க்க வருகிற கண்டக்கையா என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பெரட்டுக்குள் பரேட் இருக்கிறதாம். கண்டக்கையாவுக்குள் கண்டக்டர் உட்கார்ந்திருக்கிறாராம். எனக்குள் இவ்வளவு இங்கிலீஷ் இருப்பது எனக்கே தெரியாது. மறுநாள் டீச்சர் வகுப்பில் சொன்னதைத் துளசி எழுதி வைத்திருக்கிறாள்: "வீடு வரிசையா நின்டா லயம். சொல்லு வரிசையா நின்டா கவிதை. ரெண்டுலயும் மனிசர்தான் குடி ஈக்கிற." அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்ததாக நான் கேள்விப்படவில்லை.

கடைசியாக வந்தது ஒரு நாடகம். ஏதோ குளிர் தேசம். அண்ணனும் தம்பியும் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறார்கள். தம்பி வாயாடி. அண்ணன் பேச மாட்டான், இருமுவான். எனக்கு அண்ணனைப் பிடித்துப்போனது. டீச்சர் கிழமைக்கு ஒரு காட்சியாகச் சொல்லி வந்தார். காட்சிக்குக் காட்சி இருமல் கூடியது. நான் படம் பார்க்காத ஆளா? எனக்கு விளங்கிவிட்டது.

"டீச்சர், அந்த அண்ணன் சாகக்கூடாது."

"அத நானா எழுதினேன்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் செத்தா நாளையில இருந்து ஒங்களுக்கு பிளேன்டீ கெடையாது. துளசியையும் டான்ஸுக்கு அனுப்பிருவேன்."

"பரீட்ச வரப்போகுது பரமேஸ், இப்ப எந்த டான்ஸ்?"

"எதாவது ஒரு டான்ஸ்."

அடுத்த திங்கட்கிழமை கடைசிக் காட்சி. அன்று டீச்சர் புத்தகத்தைத் திறக்கவில்லை. இங்கிலீஷில் வாசிக்கவும் இல்லை. நேராகத் தமிழில் சொன்னார். பனி கொட்டுகிற காலை. தம்பி பிந்தித்தான் எழும்புகிறான். கீழே கடையில் சத்தம் கேட்கிறது. பதறி ஓடிப்போய்ப் பார்த்தால், அண்ணன் கடையைத் திறந்து, ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "இருமல் எங்கே?" என்று தம்பி கேட்கிறான். "இன்றைக்கு வேலை இருக்கிறது" என்கிறான் அண்ணன். சில்லு சுற்றிக்கொண்டே இருக்க, திரை விழுகிறது.

"பாருங்க, சாகல்ல. இப்ப டீயத் தாங்க" என்றார் டீச்சர்.

கொடுத்தேன். இரண்டு கப் குடித்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை கண்டிக்குப் போனார். அதற்குப் பிறகு பாடசாலைக்கு வரவில்லை. போன் எடுத்தபோது, "சும்மா காச்சல்" என்றார். பதினெட்டாம் நாள்தான் நான் கேக் படம் அனுப்பியது.

அடக்கம் முடிந்த மறுகிழமை தவணைப் பரீட்சை. அவருடைய இடத்துக்கு அப்போது யாரும் வந்திருக்கவில்லை. இலக்கியத் தாளுக்கு முதல்நாள் பத்துப் பிள்ளைகளும் ஜன்னலுக்கு வந்து நின்றார்கள். நாடகத்தின் கடைசிக் காட்சியை வகுப்பில் நடத்தவில்லை. தாங்களாக வாசித்து விளங்கிக்கொள்ள ஒரு நாள் போதாது. இந்தப் பரீட்சையைப் பார்த்துத்தான் வகுப்பை வைப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பதாகப் பிரின்சிபல் ஸேர் சொல்லியிருக்கிறார். அவர்கள் முகம் எல்லாம் ஒரு மாதிரி இருந்தது.

"ஆன்ட்டி, டீச்சர் ஒங்களுக்குச் சொல்லியிருக்காங்கன்னு துளசி சொன்னா."

"நான் கென்டீன் நடத்துறவ. பாடம் நடத்தினா ஆபீஸ்ல சத்தம் போடுவாங்க."

"மெதுவாச் சொல்லுங்க ஆன்ட்டி."

மெதுவாகச் சொன்னேன். டீச்சர் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன், டீச்சர் கையைச் சுற்றிக் காட்டிய இடத்தில் நானும் சுற்றிக் காட்டினேன். பத்துப் பேரும் எழுதிக்கொண்டார்கள். அண்ணன் கடையைத் திறந்தான் என்றதும் ஒரு பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டது. எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. வாய் மட்டும் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

டீச்சரின் புத்தகங்களை வீட்டார் நம் நூலகத்துக்குத் தந்துவிட்டார்கள். கொப்பிகள் துளசியிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அந்தக் கடைசிக் காட்சி. எண்ணெய் காய்கிற நேரத்தில் அதை ஒருமுறை ஓடவிடுகிறேன். அண்ணன் சில்லைச் சுற்றிவிடுகிறான்.

இதைப் பாடசாலை நினைவு மலருக்கு எழுதிக் கொடுக்கிறதற்குள் தாள் திருத்தி வந்துவிட்டது. பத்துப் பேரும் பாஸ். வகுப்பு தொடர்ந்து நடக்கும். நாடகத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பத்துப் பேருக்கும் பூச்சியம். துளசி அகராதியோடு உட்கார்ந்து நாடகத்தைக் கடைசிப் பக்கம்வரை வாசித்தாள். புத்தகத்தில் அண்ணன் செத்துப்போகிறான். நோயைத் தம்பியிடம் சொல்லாமலே செத்துப்போகிறான். பனி இருக்கிறது. கடை திறக்கவில்லை. புதிதாக வந்திருக்கிற ஸேர் பத்துத் தாளிலும் அந்த விடைக்கு எதிரே, 'இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். பிள்ளைகள், கென்டீனில் என்று சொல்லியிருக்கிறார்கள்.