மசாஃபி சந்தையில் வாங்கிய பள்ளிக்கூடப் பை

துபாயில் வெள்ளிக்கிழமையைப் பலரும் தூங்கியே கழிப்பார்கள். நான் அந்த ரகம் இல்லை. நான் கராமாவில் நர்ஸ், என் கணவர் அல் குசைஸில் ஏசி மெக்கானிக். இருவருக்கும் ஒரே நாளில் டூட்டி இல்லாமல் வாய்ப்பது அபூர்வம். 2009 பிப்ரவரியில் அப்படி ஒரு வெள்ளி கிடைத்ததும் ஃபுஜைராவுக்குக் கிளம்பிவிட்டோம். குளச்சலில் பிறந்த எங்களுக்கு துபாய்க் கடல் கடலாகவே படுவதில்லை. அலை பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கரைக்குத்தான் போக வேண்டும்.

காலை ஏழரைக்குப் புறப்பாடு. நாள் முழுக்க வாடகைக் கார், பெட்ரோலோடு சேர்த்து 350 திர்ஹம். ஓட்டுநர் குல் ஜமான் பாய், பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பட்டாணியர். இரண்டு வருடமாக எங்கே போவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். எப்போதும் மழமழவென்று சவரம் செய்து, மீசையை முறுக்கிவிட்டிருப்பார். அன்று தாடியோடு வந்து நின்றார்.

"பாயைப் பாத்தியா, ஹஜ்ஜுக்குப் போறாரு போல," என்றார் என் கணவர் என்னிடம். மலையாளிகளோடு ஒரே ரூமில் இருந்த மனிதர், எங்கள் தமிழ் அவருக்குப் பிடிபட்டுவிடும். சிரித்துக்கொண்டே இந்தியில் பதில் சொன்னார். அதைத் தமிழில் தருகிறேன்.

"ஹஜ்ஜுக்கு இல்ல. அடுத்த மாசம் லீவு. எங்க ஊர்ல இப்போ தாலிபான் வச்சதுதான் சட்டம். சவரம் கிடையாதுன்னு பார்பர் கடையிலேயே எழுதி ஒட்டிட்டாங்க. மழிச்ச மூஞ்சியோட போனா பஸ்ஸை நிறுத்தி எறக்கிடுவாங்க. தாடி வளர நாள் ஆகும்ல, அதான் இப்பவே."

லீவுக்கு முன்பு நாங்கள் தங்கம் வாங்குவோம், டிவி வாங்குவோம். இந்த மனிதர் தாடி வளர்க்கிறார். நான் சிரிக்கவில்லை.

ஷார்ஜா, தைத் வழியாக மசாஃபி ஏறக்குறைய 95 கிலோமீட்டர். தைத் தாண்டியதும் மலைகள் வந்துவிடும், சாலை அருமை. அங்கிருந்து ஃபுஜைரா 35 கிலோமீட்டர், இன்னும் அதே தூரம் வடக்கே போனால் பிதியா. அங்கே மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய சின்னஞ்சிறு பழைய பள்ளிவாசல் இருக்கிறது. பாய் உள்ளே வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போனார், நாங்கள் எதிரே கடலில் கால் நனைத்தோம். தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் வரிசையாக நின்றன.

எங்கள் வார்டின் பெரிய டாக்டர் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் அம்மாள். அவர் குரல் கேட்டால் ஆண் டாக்டர்களே எழுந்து நிற்பார்கள். அதே மதத்தின் பெயரைச் சொல்லி ஸ்வாத்தில் பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிறார்கள், குண்டு வைக்கிறார்கள். பெஷாவரில் குண்டு வெடித்தால் கராமா மெஸ்ஸில் சாப்பிடும் பாகிஸ்தான்காரர்களின் சோறு டிவி முன்னால் ஆறிக் கிடக்கிறது. விசா புதுப்பிக்கப் போனால் எந்த ஊர் என்று இரண்டு தடவை கேட்கிறார்கள் என்றார் பாய். துப்பாக்கி வைத்திருப்பவன் ஒருவன், பதில் சொல்ல வேண்டியவர் இவர்.

திரும்பும்போது மாலை நான்கு மணிக்கு மசாஃபி சந்தையில் நிறுத்தினோம். பெயர்தான் வெள்ளிச் சந்தை, ஏழு நாளும் நடக்கும். கம்பளம், பூச்செடி, பழம், பொம்மை எல்லாம் சாலையோரத்திலேயே கிடைக்கும். பாய் ஒரு பொம்மைக் கடை முன்னால் நின்றுகொண்டே இருந்தார். மகள் ஷப்னமுக்கா என்று கேட்டேன். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தவள், பள்ளிக்கூடம் மூடி ஒரு மாதமாக வீட்டில் கிடக்கிறாள்.

"பொம்மை கொண்டு போக முடியாது சிஸ்டர். பாட்டுப் பெட்டியும் கூடாது. நான் லீவுல போறதே அவளை வெளிய கொண்டு வரத்தான். அப்போட்டாபாத்ல என் தங்கச்சி இருக்கா, அங்க ஸ்கூல் நடக்குது."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. லீவுக்குப் போகிறவர் கையில் ஏதாவது கொடுத்தனுப்புவது நம் வழக்கம்தானே. பக்கத்துக் கடையில் ஒரு ரோஸ் நிறப் பள்ளிக்கூடப் பையை எடுத்தேன். நாற்பது சொன்னான், இருபத்தைந்துக்கு முடித்தேன். பாய் அதை வாங்கி ஜிப்பைத் திறந்து பார்த்தார், வாரை இழுத்துப் பார்த்தார். பிறகு காரின் பின்சீட்டில் என் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். கல்யாணத்துக்குப் போறோம்னு சொல்லித்தான் அவளைக் கூட்டிட்டுக் கிளம்பணும். வழியில பெட்டியைத் தொறந்து பாப்பாங்க. இந்தப் பை இருந்தா எல்லாரும் மாட்டிக்குவோம். இது உங்ககிட்டயே இருக்கட்டும். அவ ஸ்கூல்ல சேந்துட்டா நானே வந்து வாங்கிக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. துபாய் வரும்வரை அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் மூடியிருக்கும், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். பள்ளிவாசலுக்குப் போகும் பெண்கள் தலைக்கு ஒரு துப்பட்டா எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள்.

பாய் மார்ச்சில் ஊருக்குப் போனார். மே மாதம் ஸ்வாத்தில் சண்டை மூண்டு லட்சக்கணக்கில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறினார்கள். அவர் ஃபோன் அணைந்தே கிடந்தது. நான் டிவியில் அந்தக் கூட்டத்துக்குள், பார்த்தேயிராத ஒரு பெண் குழந்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். இடம் அடைக்கிறது என்று என் கணவர் சொல்லியும் அலமாரி மேலிருந்த பையை நான் நகர்த்தவில்லை.

அதே வருடம் ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். மழமழவென்று சவரம் செய்த முகம், முறுக்கிவிட்ட மீசை.

"சிஸ்டர், அந்தப் பையை வாங்கிட்டுப் போக வந்தேன்," என்றார் குல் ஜமான் பாய்.