மலைக்குப் போனால் பூட்டிக்கொள்ளவும்

டிப்ஸ்டிக்கை உருவி, நுனியை மூக்குக்குக் கீழே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழு இழுக்கிறார் அத்தான். இன்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காக வைத்த கம்பி அது. ஊரே கண்ணால் பார்க்கும். என் அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் மோந்து பார்ப்பார்.

"ம்ம். வயிறு சரியில்ல இதுக்கு."

"ஆயில் இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க," என்று உள்ளேயிருந்து அக்கா கத்துவாள்.

"அளவு எவன் வேணா பாப்பான். வாசனை தெரியணும்டி."

"வாசனை பாத்து பாத்துதான் இந்த வண்டி இந்த லட்சணத்துல இருக்கு!"

அத்தான் மாட்டு டாக்டர். வண்டி, இருபத்தெட்டு வருஷத்து ஜீப். ஒரு காலத்தில் பச்சையாக இருந்ததாம். ஹார்ன் அடித்தால் வைப்பர் ஒரு தடவை ஆடி நிற்கும். உள்ளே ஏறினால் டீசல், சாணம், மருந்து மூன்றும் கலந்த ஒரு நெடி; இறங்கின பிறகும் அரை நாள் நம்மோடு வரும். ஆனால் ஃபோர்வீல் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைப்பாதையில் மழைக்காலத்தில் ஏறக்கூடிய வண்டி இது ஒன்றுதான். மேலே இருக்கும் பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்களும் அவர்களுடைய மாடுகளும் இதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அத்தானைப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு ஒழுங்கு. "வயித்துப்புழுதான் சார், ஒரு ஊசி போட்டுடுங்க," என்று யாராவது ஆரம்பித்தால் போதும், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். "நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அப்ப நான் எதுக்கு, திருஷ்டி பொம்மையா? எப்பலேர்ந்து தின்னலை? அதுக்கு முன்னாடி என்ன தின்னுச்சு? புதுசா என்ன மாத்துனீங்க? வரிசையா சொல்லுங்க." வாயில்லாத ஜீவனின் நோயை இவ்வளவு பொறுமையாகக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கிற மனிதர், வீட்டுக்கு வந்து ஜீப்பின் மூடியைத் திறந்துவிட்டால் போயிற்று. முதலில் தீர்ப்பு. கேள்வி கிடையவே கிடையாது.

ஒரு நாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. "பம்ப் போச்சு," என்றார். இரண்டு நாள் டீசல் ஃபில்டரைக் கழற்றிப் போட்டு, குழாயில் காற்று எடுத்து, முழங்கை வரை டீசலில் ஊறினார். கடைசியில் ஒர்க்‌ஷாப்காரர் வந்து பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி, ஸ்பேனரை ஒரு சுற்று சுற்றினார். பட்டென்று கிளம்பியது. "லூசா இருந்துச்சு சார்," என்றார் பணிவாக. "எது?" என்றாள் அக்கா.

இன்னொரு தடவை நாற்பதைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கியது. நரம்புத் தளர்ச்சி என்றார் அத்தான், வண்டிக்குத்தான். டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டார். விஷயம் என்னவென்றால் சக்கரத்தின் உள்பக்கம் அரைக் கூடைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. இன்ஜின் கொதித்தபோது ஜுரம் என்று ரேடியேட்டரையே இறக்கினார். முன்னால் ஒரு பிளாஸ்டிக் தீவனப்பை ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்திருந்தது. பையை எடுத்து மடித்து வைத்துக்கொண்டவர், "இது உள்ள இருந்த சூட்டை வெளிய காட்டிக்குடுத்துடுச்சு," என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் கையே எழாது. அப்படி ஒரு நம்பிக்கை.

இரண்டு மாதம் முன்னால் முன்சக்கரத்து பேரிங் போய், வண்டி ஒர்க்‌ஷாப்பில் மூன்று நாள் நின்றது. திரும்பி வந்த அன்று சாப்பிடும்போது சொன்னார்: "என்னென்னமோ மாத்திட்டேன்னான். கடைசியா, மலைக்குப் போறப்ப மறக்காம பூட்டிக்கங்க சார்ங்கறான். அங்க திருட்டு ஜாஸ்தி ஆயிடுச்சு போல."

"இதை எவன் திருடுவான்? திருடுனா, அவனே கொண்டுவந்து விட்டுட்டு மன்னிப்பு கேப்பான்," என்றாள் அக்கா.

ஆனால் அத்தான் சொன்னதைச் செய்கிறவர். அன்றிலிருந்து மலைக்குப் போகும்போதெல்லாம் கதவைப் பூட்டினார். இடது கதவில் பூட்டே கிடையாது. அதைக் கன்று கட்டும் கயிற்றால் உள்பக்கமாகக் கட்டினார். ஜன்னலில் கண்ணாடி ஏறாது என்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மழை வரும்வரை பிரச்சினை இல்லை. போன செவ்வாய்க்கிழமை முதல் மழை. மலையில் பாதி வழியில் இருக்கும் வளைவு வீட்டிலிருந்து போன் வந்தது: மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது. அத்தான் ஃபோர்வீல் லிவரைப் போட்டு ஏற்றினார். வண்டி அந்த வீட்டுக்கு வெகு கீழேயே சேற்றில் வழுக்கி நின்றுவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஒரு மணி நேரம் ஓட்டமும் நடையுமாகப் போனார். மாடு பிழைத்தது. கன்று போய்விட்டது.

"வண்டி கழுத்தறுத்துடுச்சும்மா," என்று அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாராம். அந்த அம்மா தலை துவட்டத் துண்டு கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அத்தான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. "ஒர்க்‌ஷாப்காரன் வண்டியைக் கெடுத்துட்டான். கை வெச்சதுலேர்ந்துதான் இப்படி." அவரோடு பேச்சை நிறுத்தினார். கிளட்ச் போச்சு என்று கிளட்சை இறுக்கினார். கியர் ஆயிலை மாற்றினார், மோந்து பார்த்துவிட்டு. பின்னால் புது டயர் இரண்டு போட்டார். தெருவில் ஓட்டிப் பார்த்து, "இப்ப ஏறும் பாரு," என்றார்.

நேற்றுக் காலை உச்சி வீட்டிலிருந்து போன். மாட்டுக்கு முதல் ஈற்று. "சார், ஒரு காலுதான் சார் வெளிய தெரியுது. இன்னொண்ணைக் காணோம். தலையும் வரலை." பிடித்து இழுக்காதீர்கள், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அத்தான் கிளம்பினார். லீவில் இருந்த நானும் தொற்றிக்கொண்டேன். இடது கதவைக் கயிற்றால் கட்டினேன்.

அதே ஏற்றம். அதே சேறு. லிவரைப் போட்டார், ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி உறுமியது, பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது, நின்றது. மறுபடி. மறுபடி. கயிற்றை அவிழ்த்து இறங்கிச் சக்கரத்துக்கடியில் கல் வைத்தேன். பின்சக்கரம் இரண்டும் சேற்றை வாரி என் மேல் அடித்தன. முன்சக்கரம் இரண்டும் சும்மா நின்றன.

"அத்தான், முன்னாடி சுத்தவே இல்ல!"

"சுத்தும், சுத்தும். நீ கல்லை வை."

"சுத்தலைங்கறேன்! கண்ணால பாத்துட்டுதானே சொல்றேன்? மோந்தா பாத்தேன்?"

போன் அடித்தது. உச்சி வீட்டுக்காரர். "சார், மாடு படுத்துடுச்சு சார்." இனி நடந்தால் ஒன்றரை மணி நேரம். அத்தான் பையை எடுத்தார். நான் அவரைக் கேட்காமலே ஒர்க்‌ஷாப்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"டாக்டர் சார் வண்டி ஏறலைண்ணே. முன் சக்கரம் நிக்குது."

"சார் இருக்காரா? சார், பூட்டுனீங்களா?"

அத்தானுக்கு வந்ததே கோபம். "யோவ், மாடு சாகக் கெடக்கு, பூட்டுனியாங்கறே! என்னிக்குய்யா பூட்டாம போயிருக்கேன்? ஒரு கதவுக்குக் கயிறு கட்டி வெச்சிருக்கேன்யா!"



"கதவுக்கா?"

"நீதானே சொன்னே, மலைக்குப் போனா பூட்டிக்கங்கன்னு!"

"அட கடவுளே! கதவை யாரு சார் கேட்டா? சக்கரத்தை! முன் சக்கரம் நடுவுல வட்டமா ஒரு மூடி இருக்கு பாருங்க, ஹப்பு, அதைக் கையால திருப்பிப் பூட்டணும் சார், ரெண்டு பக்கமும். பழசு துருப்பிடிச்சு பூட்டுனபடியே நின்னு போச்சு. அதனாலதான் உங்களுக்கு வெறும் லிவரு போட்டாலே ஏறிட்டிருந்துச்சு. நான் புதுசு மாத்துனேன்ல? அதைப் பூட்டலைன்னா முன் சக்கரம் சும்மா உருளும், இழுக்காது!"

புதுசா என்ன மாத்துனீங்க? எத்தனை பேரைக் கேட்டிருப்பார் அந்தக் கேள்வியை!

"அப்ப செவ்வாக்கிழமையும்..." என்றார் அத்தான்.

இறங்கினார். வலது சக்கரத்தின் முன்னால் மண்டி போட்டு, சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தார். உள்ளங்கை அளவு மூடி. பிடித்துத் திருப்பினார். 'டக்' என்றது. இடது பக்கம் போனார். 'டக்'. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான் விஷயம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

வண்டி ஏறியது. தாத்தா மாடிப்படி ஏறுகிற மாதிரி, அவசரமே இல்லாமல், நாலு காலையும் ஊன்றி ஏறியது.

உச்சி வீட்டுத் தொழுவத்தில் அத்தான் சட்டையைக் கழற்றிப் போட்டு, தோள் வரை கையை உள்ளே விட்டு, கன்றைப் பின்னால் தள்ளி, மடங்கியிருந்த காலைத் தேடி நிமிர்த்தினார். "இருடா கண்ணு, இரு, வந்துட்டேன்," என்று பேசிக்கொண்டே இருந்தார். இருபது நிமிஷம். கன்று வழுக்கி வந்து வைக்கோலில் விழுந்து, தும்மியது. வீட்டுக்காரர் அத்தானின் சேற்றுக் கையையே பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் அழுதேன், அதை ஒளிப்பானேன்.

இறங்கும்போது ஒர்க்‌ஷாப்காரருக்குத் தானே போன் போட்டார். "பூட்டிட்டேன்யா," என்றார்.

"கதவையும்தானே சார்?"

போனை வைத்துவிட்டார். வளைவு வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தினார். அந்த அம்மா புல்லுக்கட்டோடு வேலிப் படலைத் திறந்துகொண்டிருந்தார்.

"வண்டி சரியாயிடுச்சா சார்?"

ஆமாம், ரிப்பேர் பண்ணியாச்சு என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"வண்டிக்கு ஒண்ணும் இல்லம்மா. அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பூட்டலை."

அந்த அம்மா கயிறு கட்டிய கதவைப் பார்த்தார். "பூட்டலைன்னா என்ன சார்? இங்க யாரு வந்து எடுக்கப் போறா?"

அத்தான் இறங்கிப் போய், முன்சக்கரத்தின் முன்னால் சேற்றிலேயே குந்தி, அந்த மூடியைச் சட்டை நுனியால் துடைத்து, அந்த அம்மா பார்க்கும்படி ஒரு தடவை திறந்தார். ஒரு தடவை பூட்டினார். கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.