ஏழு மணிக்குப் பூட்டிய கேற்

சுபோதினி கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னபோது கணவர் ஜனா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எதில?"

"பெண்கள் கற்கையில."

"அப்ப இனி வீட்டில நான் பாத்துக் கதைக்க வேணும்" என்றுவிட்டுச் சம்பலைப் போட்டுக்கொண்டார். வீட்டில் எழுந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

சுபோதினிக்கு வயது நாற்பத்தாறு. சாவகச்சேரிக்காரி. கொழும்பில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருபத்து மூன்று வருடமாக வேலை. வார இறுதி வகுப்புகளுக்குப் போய் முதுமாணிப் பட்டம் எடுத்திருந்தாள். அந்தத் துணிவில் 'இலங்கைப் பெண்களும் சமூக மாற்றமும்' என்று முப்பது பக்கத்தில் ஆய்வு முன்மொழிவு ஒன்றை எழுதி, பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவருக்கு அனுப்பினாள். மேற்பார்வையாளராக இருக்க அவர் சம்மதித்தால்தான் விண்ணப்பமே போடலாம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. 'இதைச் செய்து முடிக்க ஐந்து பேருக்கு நாற்பது வருடம் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஒன்றை எழுதி அனுப்புங்கள்.'

மதியச் சாப்பாட்டின்போது அதைத் தன்னோடு வேலை செய்யும் பைறோஸாவிடம் காட்டினாள். பைறோஸா வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"சரியாத்தானே சொல்லீக்கிறாங்க. நீங்க வாயத் தொறந்தா எதப் பத்திப் பேசுறீங்க, சொல்லுங்க பாப்பம்?"

"எதைப் பற்றி?"

"அந்த போர்டிங் வீட்டப் பத்தித்தான். ஏழு மணிக்குக் கேற்றப் பூட்டின கத எனக்கே பாடம்."

உண்மைதான். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், பத்மாவதி அன்ரியின் வீட்டு மாடியில் சுபோதினி ஐந்து வருடம் இருந்தாள். எட்டுப் பெண்கள், ஒரு குளியலறை. ஏழு மணிக்கு வாசல் கேற் பூட்டப்படும். போர் ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில் ஒரு முறை அதை ஒன்பதாக்கினார் அன்ரி. அந்தத் தைரியத்தில் சுபோதினி பம்பலப்பிட்டியில் ஒரு மாலை நேர டிப்ளோமாவில் சேர்ந்தாள். மூன்று கிழமையில் கேற் மறுபடி ஏழுக்குத் திரும்பியது. வகுப்பு முடிவதோ ஏழரைக்கு. படிப்பு அத்தோடு நின்றது. அன்ரி மேல் அவளுக்கு இருந்த கோபம் மட்டும் நிற்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே அங்கே போனாள். அன்ரிக்கு இப்போது எழுபத்தைந்து. மாடியில் இன்னும் நான்கு பெண்கள் இருந்தார்கள்.

"போர்டிங் வீடுகளின்ர சட்டதிட்டங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போறன் அன்ரி."

அன்ரியின் முகம் மாறிவிட்டது. "என்னைப் பற்றிப் பிழை எழுதவே வந்தனி? என்ர வீட்டில இருந்த பிள்ளையள் ஒருத்திக்கும் ஒரு குறையும் வரேல்லை."

"இல்லை அன்ரி. ஏன் திரும்ப ஏழு மணியாக்கினீங்கள் எண்டு கேக்கத்தான் வந்தனான்."

"நானே ஆக்கினனான்? பிள்ளையளின்ர வீட்டுக்காரர்தான் ரெலிபோன் கோல் எடுத்து என்னைப் பேசினவை. ரெண்டு பேர் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டே போயிட்டினம்." அன்ரி கொஞ்சம் தயங்கினார். "முதல் கோல் உன்ர அம்மாதான் பிள்ளை."

சுபோதினி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். இருபது வருடமாக ஆள் மாறிக் கோபப்பட்டிருக்கிறாள்.

மறுநாள் ரொறன்ரோவில் தம்பியுடன் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தாள். அம்மா மறைக்கவில்லை.

"ஓம், நான்தான் எடுத்தனான். கொப்பா என்னோட கதைக்காமல் இருந்தவர். அவரைக் கோயிலடியில ஆரோ கேட்டவையாம், உங்கட மகள் ஒன்பது மணிக்கோ வீட்டுக்கு வாறவள் எண்டு. நான் என்ன செய்யிறது?" பிறகு, தாழ்ந்த குரலில், "நீ படிப்பை விட்டது எனக்குத் தெரியாது" என்றார்.

புதிய முன்மொழிவு எட்டுப் பக்கம்தான். வெள்ளவத்தைப் பெண்கள் விடுதிகளில் கேற் பூட்டும் நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே கேள்வி. பேராசிரியை அன்றைக்கே சம்மதம் எழுதினார்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர், "இது வெறும் வீட்டு ஒழுங்குதானே, இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சுபோதினி பாடமாக்கி வைத்திருந்த கோட்பாட்டுப் பெயர்கள் எல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்து போயின. டிப்ளோமா, அன்ரி, அம்மா, கோயிலடி என்று நடந்ததை நடந்தபடியே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னுடைய மகள் கண்டியில் போர்டிங்கில் இருக்கிறாள். நானும் அப்படி ஒரு கோல் எடுத்திருக்கிறேன்" என்றார்.

முதலில் கலாநிதிக்கு ஒரு படி கீழான முதுதத்துவமாணிக்குப் பதிவு, ஒரு வருட வேலையைப் பார்த்துக் கலாநிதிக்கு உயர்த்துவோம் என்று கடிதம் வந்தது. சுபோதினிக்கு அரை நாள் மனம் சரியில்லை. மாலையில் பைறோஸா வட்டிலப்பத்தோடு வந்து, "உள்ள போயிட்டீங்கதானே, பொறகென்ன?" என்றதும் சரியாகிவிட்டது.

இப்போது சனிக்கிழமைகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒழுங்கை ஒழுங்கையாக நடக்கிறாள். இதுவரை பதினொரு பேரிடம் பேசியாயிற்று. ஆய்வு நெறிமுறைப்படி எல்லோருக்கும் புனைபெயர்தான். பத்மாவதி அன்ரி மட்டும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறார். பதிவானது அவ்வளவும் தன் வாயால் சொன்னது, பிறகு எதற்கு இன்னொருத்தியின் பெயர் என்று கேட்கிறார். அவருடைய சொந்தப் பெயரையே போடப் பேராசிரியையிடம் அனுமதி கேட்டுச் சுபோதினி கடிதம் எழுதியிருக்கிறாள்.