மரமணியும் சித்தப்பாவின் கோஷ்டியும்

என் சித்தப்பா பந்தைக் காலால் தொட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் ஊர் டீம் தோற்றுப்போனால், மறுநாள் காலையில் ஊர் பிடித்துத் திட்டுவது அவரைத்தான். ஜெயித்தால் பாராட்டெல்லாம் கோல் போட்டவனுக்குப் போய்விடும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. திட்டுகிறவர்களுக்கும் சேர்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, தம் சைக்கிள் கடையைத் திறந்து பஞ்சர் ஒட்ட உட்கார்ந்துவிடுவார்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் உள்ளடங்கி இருந்தது எங்கள் ஊர். ஒரு மாதா கோயில், அதைச் சுற்றி வீடுகள், பின்னால் ஏரி. சித்திரையில் ஏரி வற்றியதும் அதுதான் எங்கள் கால்பந்து மைதானம். உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டு வாரத்தில் சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் சேர்த்துப் பந்தயம் நடக்கும். நடத்துகிறவர் எங்கள் மாதா கோயில் சாமியார். ஆடுகிறவர்களுக்கு அவர் பொறுப்பு. ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு என் சித்தப்பா பொறுப்பு.

அப்படி யாரும் அவரை நியமிக்கவில்லை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருடைய இடது கால் சூம்பிப்போய்விட்டது. நடக்கும்போது முட்டியில் கையை ஊன்றித்தான் நடப்பார். சைக்கிளை மட்டும் வலது காலாலேயே மிதித்து, இரண்டு கால் உள்ளவர்களை முந்திக்கொண்டு போவார். ஆடத்தான் முடியாது, கத்த முடியுமே என்று ஒருநாள் ஆரம்பித்தாராம். வரவர அது ஒரு கோஷ்டியாகிவிட்டது.

கோஷ்டி என்றால் கண்டபடி கத்துவது இல்லை. அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முன்வரிசையில் பெண்கள், கையில் பித்தளைத் தட்டும் கரண்டியும். அடுத்து எங்களைப் போன்ற பிள்ளைகள், கூழாங்கல் போட்டுக் குலுக்கும் டின்களோடு. கடைசியில் ஆண்களும் கோயில் மேளமும். எங்களுக்கு முன்னால் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சித்தப்பா ஏறி நிற்பார். இடது கையைத் தூக்கினால் தட்டு, வலது கையைத் தூக்கினால் டின், மஞ்சள் துண்டைச் சுழற்றினால் எல்லாம். கோல் விழுந்துவிட்டால், “கோல் யாரோடது?” என்று தொண்டை கிழியக் கேட்பார். “நம்ம ஊரோடது!” என்று நாங்கள் சொல்லும் பதில் ஒரகடம் கூட்டுரோடு வரைக்கும் கேட்கும் என்பார்கள். நான் அளந்து பார்த்ததில்லை.

இதையெல்லாம் அவர் எங்களைப் பார்த்து நின்றுதான் செய்வார். ஆட்டம் அவருக்கு முதுகுக்குப் பின்னால் நடக்கும். கோஷ்டியை நடத்துகிறவன் திரும்பி ஆட்டத்தைப் பார்த்தால் கோஷ்டி தூங்கிவிடும் என்பது அவர் கட்சி.

ஆட்டம் முடிந்ததும் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்புவார். ஏரிக்கரையைத் தாண்டியதும், “இப்ப சொல்லு பாப்பா, மொதல்லேர்ந்து” என்பார். நான் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் பந்தைக் கொடுத்தான், எங்கே தடுத்தார்கள், எந்தக் காலால் அடித்தான், பந்து கம்பத்தில் பட்டதா, படாமலே போனதா என்று கேள்விமேல் கேள்வி வரும். ஞானோபதேச வகுப்பில் போன வாரப் பாடத்தை ஒப்பிக்கச் சொல்வது மாதிரி இதுவும் ஒரு பரீட்சை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பராக்குப் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்த்தேனா என்று சோதிக்கிறாராம். பரீட்சையில் தெரியாத இடம் வந்தால் சொந்தச் சரக்கைச் சேர்ப்பது எனக்குக் கைவந்த வித்தை. இரண்டு பேரைத் தாண்டிப் போனவனை நான்கு பேரைத் தாண்டவைப்பேன். நல்ல கட்டம் வந்தால் சித்தப்பா மிதிப்பதை நிறுத்திவிடுவார். சைக்கிள் தானாக உருண்டுகொண்டிருக்கும்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் கடைசி ஆட்டம் வல்லக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றோடு. அவர்கள் முருகன் பிள்ளைகள். அவர்களுக்கும் ஒரு கோஷ்டி இருந்தது. அரோகரா போட்டால் ஏரிக்கரைப் பனைமரம் ஆடும். எங்கள் ஆட்கள் மேளத்தைக் கொண்டுபோய் அவர்களுடைய கோல்கீப்பர் காதுக்குப் பக்கத்தில் வைத்து அடிக்க, அவர் குச்சியைப் பிடுங்க, அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று தெரியவில்லை. விலக்கப் போன சாமியாருக்கு அடி விழவில்லை. அவர் குடைக்கு விழுந்தது. தம்மேல் விழுந்திருந்தால் மன்னித்திருப்பார். அந்தக் குடை, அவருடைய அம்மா சொந்த ஊரிலிருந்து வாங்கி அனுப்பியது.

மறுநாளே மேளத்தைத் தம் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். அடுத்த வருஷம் தட்டு, டின், தாளம் எதுவும் கூடாது, வாயும் கையும் போதும், மீறி ஒரு புகார் வந்தாலும் கோஷ்டியே கிடையாது என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் அம்மாகூட, “கொழுந்தனாரு மொகத்தப் பாக்க முடியல, கோஷ்டி இல்லாங்காட்டி இன்னா, வூட்லயே கத்தச் சொல்லுங்க” என்று அப்பாவிடம் சொன்னாள்.

ஒரு வருஷம் யோசித்து சித்தப்பா கண்டுபிடித்த வழிதான் மரமணி.

மரமணி என்று பேரே தவிர அதில் மணி கிடையாது. கைப்பிடி வைத்த ஒரு தேக்குப் பலகை, அதில் ஆடுகிற ஒரு மரச்சுத்தி. ஏசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளிக்கு முந்தின இரவிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரைக்கும் கோயில் மணி அடிக்கக் கூடாதென்பதால், அந்த நாட்களில் மட்டும் பூசைக்கு இதைத்தான் தட்டுவார்கள். நிறுத்தி நிதானமாக மூன்று தட்டு விழுந்தால் முதலில் கோயில்பிள்ளை முழந்தாளிடுவார். அவரைப் பார்த்து ஊரே முழந்தாளிடும். கோயில்பிள்ளை என்றால் பூசைச் சாமான்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர். நெடுநெடுவென்று ஆறடிக்கு மேல் இருப்பார். எங்கள் ஊர் கோல்கீப்பரும் அவர்தான்.

சித்தப்பாவின் வாதம் பலமானதாகத்தான் இருந்தது. மரமணி மேளமும் இல்லை, தாளமும் இல்லை. அது கோயில் சாமான். கோயில் சாமானை ஒரு சாமியாரே எப்படிக் குறை சொல்வார்?

சனிக்கிழமைகளில் பீடத்துக்குப் பூ வைப்பது எங்கள் வீட்டு முறை. பூக்கூடையோடு போன நான், பூசைச் சாமான் பீரோவுக்குப் பின்னால் சாய்த்துவைத்திருந்த மரமணியைக் கூடையில் போட்டு, மேலே மிச்சக் கனகாம்பரத்தைப் பரப்பி மூடி எடுத்து வந்துவிட்டேன். திருட்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்காகத்தானே? சித்தப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “நீயே வெச்சிக்கோ. நா துண்ட சுத்துனா மட்டும் அடி. சடசடன்னு அடிக்கணும், இன்னா? துண்டு சுத்தாம கையே வைக்கக் கூடாது.”

கடைசி ஆட்டம் மறுபடியும் அதே வல்லக்கோட்டைப் பக்கத்து ஊரோடு. போன வருஷத்துக் காயம் இரண்டு பக்கமும் ஆறவில்லை. துண்டு சுழன்றபோதெல்லாம் நான் சடசடவென்று அடித்தேன். மைதானத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த சாமியார் காதைத் தீட்டிக்கொண்டு பார்ப்பது தெரிந்தது. கோல் எதுவும் விழாமலே ஆட்டம் முடியும் நேரமாகிவிட்டது.

அப்போது அவர்களுடைய ஆள் ஒருவன், நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து ஓட, பந்தை எடுத்துக்கொண்டு தனியாக வந்தான். எங்கள் ஆட்கள் எல்லோரும் அவனுக்குப் பின்னால். முன்னால் கோயில்பிள்ளை மட்டும். எங்கள் கோஷ்டி வாயடைத்துப்போனது. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற சித்தப்பாவுக்கு ஏதோ ஆபத்து என்று மட்டும் புரிந்திருக்க வேண்டும். துண்டு அவர் கையில் அப்படியே தொங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று மரமணியைத் தூக்கினேன். பயத்தில் கைக்குச் சடசடப்பு மறந்துவிட்டது. அதற்கு வந்தது, கோயிலில் கேட்டுப் பழகிய அடி ஒன்றுதான்.

டக். டக். டக்.

கோயில்பிள்ளை முழந்தாளிட்டார். இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, அவ்வளவு பக்தியாக. அவரைப் பார்த்து எங்கள் முன்வரிசைப் பெண்கள் பொத்தென்று முழந்தாளிட்டு நெற்றியில் சிலுவை போட்டார்கள். பின்வரிசை ஆண்களில் பாதிப் பேரும் போட்டார்கள். விபூதிக்காரனுக்கு மரமணியும் தெரியாது, பெரிய வெள்ளியும் தெரியாது. ஒரு கணம் திகைத்துப் பார்த்துவிட்டு, கோயில்பிள்ளையின் தலைக்கு மேலே பந்தைத் தட்டிவிட்டான்.

இதில் எதையுமே சித்தப்பா பார்க்கவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது, கோஷ்டியில் பாதிக்கு மேல் முழந்தாளிட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லும் காட்சி. காதில் விழுந்தது, கோல் என்ற சத்தம். வேறென்ன நினைப்பார்? துண்டை வானத்தில் வீசிவிட்டு, சோடாப் பெட்டிமேல் ஒற்றைக் காலில் குதித்து, “கோல் யாரோடது?” என்று கத்தினார்.

எங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எதிர்க்கரையிலிருந்து அந்த ஊர் கோஷ்டி சேர்ந்து பதில் சொன்னது. “எங்க ஊரோடது!”

சித்தப்பா மெதுவாகத் திரும்பினார். சோடாப் பெட்டிமேல் நின்றுகொண்டு அவர் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தது அன்றுதான். கோயில்பிள்ளை அப்போதும் எழுந்திருக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் சிரித்த சிரிப்பில் இந்த முறை சண்டைகூட வரவில்லை.

அன்றும் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். ஏரிக்கரை தாண்டியதும், “சொல்லு பாப்பா” என்றார். மற்றதையெல்லாம் சொன்னேன். அந்த இடம் வந்ததும் சொந்தச் சரக்கைச் சேர்த்தேன்.

“கோயில்பிள்ள வழுக்கி வுழுந்துட்டாரு சித்தப்பா.”

ஏரி மண் சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எருமைகூட வழுக்கி விழ முடியாது. சித்தப்பா மிதித்துக்கொண்டே வந்தார்.

“ஆமா பாப்பா,” என்றார். “வழுக்கிடுச்சி.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார், நான் மைதானத்திலேயே போட்டுவிட்டு வந்த மரமணியைத் தூக்கிக் காட்டி, இதை எடுத்தது யார் என்று கேட்டார். பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்திருக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் சித்தப்பா முட்டியில் கை ஊன்றி எழுந்துவிட்டார். “நாந்தான் சாமி.” சாமியார் பலகைக்கும் சுத்திக்கும் நடுவே சிக்கியிருந்த ஒரு வாடின கனகாம்பரத்தை விரலால் எடுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் வரிசையை ஒருமுறை பார்த்தார். பூவைத் தம் அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“கோஷ்டி இருக்கட்டும்,” என்றார். “நீ மட்டும் அதில் இருக்கக் கூடாது. அடுத்த வருஷம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. ஆட்டம் முடிகிற வரைக்கும் ஆட்டத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும்.”

இவ்வளவு கொடுமையான தண்டனையை எங்கள் ஊர் கேட்டதில்லை. ஆளைக் கயிற்றில் கட்டிப் போட்டாலும் பரவாயில்லை என்று அம்மா சொன்னாள். நான் செய்த தப்புக்கு அவர் அனுபவிக்கப்போகிறார் என்று ஒரு வருஷம் பூராவும் எனக்கு நெஞ்சு உறுத்தியது. கோயில்பிள்ளை வழுக்கி விழவில்லை, என் மூன்று தட்டுக்குத்தான் முழந்தாளிட்டார் என்று அவரிடம் சொல்ல எத்தனையோ முறை வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அடுத்த வருஷம் புதுக் குடையோடு சாமியார், அவர் பக்கத்து நாற்காலியில் சித்தப்பா. சோடாப் பெட்டிமேல் வேறு யாரோ நின்று கையை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நான் கத்தவுமில்லை, ஆட்டத்தைப் பார்க்கவுமில்லை. சித்தப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முட்டியையும் கைகளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாமியார் சொன்னபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். திடீரென்று அவருடைய வலது கால் தானாக உதைத்தது. செருப்பு கழன்று பறந்துபோய் மைதானத்தில் விழுந்தது. அதே நொடியில் எங்கள் கோஷ்டி கோல் என்று அலறியது. திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சித்தப்பா முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவுமில்லை. சாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஜெயித்தபோது பக்கத்தில் நின்று கத்தக்கூடக் கொடுத்துவைக்காமல், ஊரார் முன்னால் தண்டனை அனுபவித்து அழுகிறாரே என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.

திரும்பி வரும்போது ஏரிக்கரை தாண்டியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவரை எப்படியாவது தேற்ற வேண்டும் என்று தோன்றியது.

“சித்தப்பா, நா ஆட்டத்த சொல்லட்டா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சொல்லு பாப்பா. மொதல்லேர்ந்து சொல்லு.”

சொன்னேன். ஒரு கண்ணால்கூடப் பார்க்காத ஆட்டத்தை முழுசாகச் சொன்னேன். எங்கள் ஆள் பந்தை வாங்கி, ஒருவனைத் தாண்டி, இரண்டாமவனைத் தாண்டி, நான்கு பேரைத் தாண்டி வந்தான். சித்தப்பா மிதிப்பதை நிறுத்திவிட்டார். சைக்கிள் தானாக உருண்டது.

“எந்தக் காலால அடிச்சான்?”

“எடது கால் சித்தப்பா. கம்பத்துல பட்டு உள்ள பூந்துச்சி.”

“அப்டியா!” என்றார். அவ்வளவு ஆசையாக.

அந்தக் கோலைத் தலையால் முட்டிப் போட்டார்கள் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் பையன்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நல்ல வேளை, சித்தப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அழுதுகொண்டிருந்தவர் எதைப் பார்த்திருக்கப்போகிறார்? இந்தப் பரீட்சையிலும் அவரை ஏமாற்றித் தேறிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.