மாத்தியா, மாத்தியாச்சா?

கூரைக்குக் கூரை சோலார் தகடு ஏற ஏற, தெருவில் பழைய கேபிளை எடுத்துவிட்டுத் தடித்த கேபிள் இணைக்கும் எங்களுக்கு நெஞ்சுப் படபடப்பும் ஏறுகிறது. முன்பெல்லாம் மின்சாரம் ஒரே பக்கமிருந்துதான் வரும். இப்போது எந்த வீட்டிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எனக்கு எண்ணத் தெரியும், பயப்படத் தெரியும். கம்பியைத் தொட்டுப் பிழைக்கும் உங்களுக்கும் இந்த இரண்டும் போதும் என்று தெரிந்திருக்கும்.

பதினோரு கூரை

கிள்ளானில் ஒரு வரிசை வீட்டுத் தெரு. இருபத்து நான்கு வீடு, அதில் பதினொன்றில் சோலார். உச்சிவெயிலில் பதினொன்றும் சேர்ந்து தெருவுக்குக் கரண்டைத் தள்ளும். ஒல்லிக் கேபிள் தாங்காமல் வோல்டேஜ் ஏறும். உடனே வீடுகளில் சோலார் தானாகவே நின்றுவிடும். அதைச் சரிசெய்யத்தான் எங்களை அனுப்பியிருந்தார்கள்.

தோண்டிப் பார்த்தால் பழைய கேபிளின் மேலுறை கருகிப்போய், மண்வெட்டி பட்டதும் உதிர்ந்தது. அதற்கு மேலேதான் இத்தனை நாளும் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டியிருக்கிறார்கள். எனக்கு உள்ளங்கால் கூசியது. கடைசி வீட்டு அக்கா வந்து குழியை எட்டிப் பார்த்தார். ஆபத்தா என்று கேட்பார், என்ன பதில் சொல்வது என்று தயங்கி நின்றேன். அவர் சொன்னார்: "வெயில் அடிச்சா நின்னு போற சோலார என் தலையில கட்டுனானே, அவன முதல்ல இந்தக் குழியில போடுங்கண்ணே."

பத்து விரல்

என்னோடு வேலை செய்த ஒருவர் ஒருநாள் ஏழு விரலோடு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு, வேலை முடிந்து லோரியில் ஏறுமுன் என் விரல்களை எண்ணுவேன். தெருமுனைப் பெட்டியிலிருந்து கழற்றிய மூன்று பியூசும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். அதையும் அடிக்கடி எண்ணுவேன். டெஸ்டரை மூன்று தடவை வைப்பேன். முதலில் கரண்ட் ஓடும் கம்பியில், பிறகு நிறுத்திய கம்பியில், மறுபடி ஓடும் கம்பியில். டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால்?

லோரி ஓட்டுவதும் கேபிள் இழுப்பதும் மணியம். என்னைவிட ஐந்து வயது இளையவன். அவனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "எண்ணிட்டு ஒன்பதுன்னு வந்தா எங்க போய்த் தேடுவீங்க லா, அண்ணே?"

பிரிக்ஃபீல்ட்ஸ் அங்கிள்

கரண்டை நிறுத்துவதை நாங்கள் 'மாத்தி' என்போம். இங்கே பேசும் மலாய் மொழியில் 'செத்தது' என்று அர்த்தம். "மாத்தியா?" என்று ஒருவன் கேட்பான், "மாத்தி" என்று மற்றவன் சொல்வான், வேலை தொடங்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் சோலாரோடு பேட்டரியும் இருந்தது. வீட்டுக்காரர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து அங்கிள், எண்பது வயது இருக்கும். பேட்டரி சுவிட்சை அடைக்கும்படி காலையிலேயே அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். பியூஸ் மூன்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குழிக்குள் இருந்தபடி போன் செய்தேன். "அங்கிள், மாத்தியா?"

"மாத்திப் போட்டன் தம்பி, நீங்கள் வேலையைப் பாருங்கோ."

மாத்தியில் போட்டுவிட்டார் என்றே என் காதில் விழுந்தது. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். பெரிய மனிதரை இரண்டு தரம் கேட்கக் கூச்சம். மணியம் கத்தியை நீட்டினான். "அதான் சொல்லிட்டார்ல, வெட்டுங்கண்ணே." வலது கையில் கத்தி. பழக்கத்தில் இடது கை டெஸ்டரை வைத்தது.

டெஸ்டரின் விளக்கு எரிந்தது.

பியூசை எண்ணினேன். மூன்றும் பையில்தான். மறுபடி வைத்தேன். மறுபடி எரிந்தது. மணியம் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். கேபிளில் படாமல் குழியிலிருந்து மெல்ல ஏறினேன்.

வீட்டுக்குள் போய்ப் பார்த்தோம். கரண்ட் நின்றால் பேட்டரிக்குத் திருப்பும் சுவிட்சை யாரோ தப்பாக இணைத்திருந்தார்கள். பேட்டரியின் கரண்ட் வீட்டோடு நிற்காமல் தெருக் கேபிளுக்கும் வந்துகொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தே அங்கிள் வெலவெலத்துப் போனார். கூடத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "ஃபேன் நிக்கக்கூடாதெண்டு பேட்டரிப் பக்கம் மாத்திப் போட்டன் எண்டு அப்பவே சொன்னனான்தானே, தம்பி."

நல்ல தமிழ்

அதோடு 'மாத்தி'யை விட்டேன். அடுத்த வேலை போர்ட் கிள்ளானில். அங்கேயும் ஒரு பேட்டரி வீடு. இந்த முறை சந்தேகத்துக்கு இடமில்லாமல் தமிழிலேயே கேட்பது என்று முடிவு செய்து, குழிக்கு வெளியே நின்று போன் செய்தேன். "கேபிள் வேலை செய்யிறவன் பேசுறேன் அக்கா. செத்துடுச்சா?"

அந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: "யாரக் கேக்குறீங்க? மாமியார் நல்லாதான் இருக்காங்க, இப்பதான் ரொட்டி சானாய் கேட்டாங்க."

ஆகவே வாயால் கேட்பதை எந்த மொழியிலும் நம்பாமல், டெஸ்டரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டுத் தொடுகிற ஒருவன் எழுதியது இது, பத்து விரலாலும், இப்போதுகூட எண்ணிப் பார்த்துவிட்டு.