அவன் காலையும் கழுவினாரா?

நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு பெரிய வியாழக்கிழமை சாயங்காலம், அரிமளம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் மாதா கோயிலில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் பத்திரிகையில் போடமாட்டார்கள் என்று அவளாகத் திருத்திக்கொள்கிறாள். ரொம்பச் சுற்றி வளைத்தால் பேனாவை மூடிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறாள். வளைக்காமல் எனக்குச் சொல்ல வராது. பார்ப்போம்.

பெரிய வியாழன் என்பது யேசு சாமி சிலுவைக்குப் போனதற்கு முந்தின நாள். அன்றைக்குத்தான் அவர் தம்முடைய சீடர்கள் பன்னிரண்டு பேருக்கும் கால் கழுவிவிட்டார். அதை நினைத்து, வருடா வருடம் எங்கள் கோயிலில் பன்னிரண்டு ஆம்பளைகளை முன்னால் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். சாமியார் முட்டி போட்டு, ஒவ்வொருவருடைய வலது காலையும் கழுவித் துண்டால் துடைத்துவிடுவார்.

இதில் எங்கள் ஊரில் ஒரு கூத்து உண்டு. அந்தப் பன்னிரண்டு சீடரில் ஒருவன்தானே யேசுவைக் காட்டிக்கொடுத்தவன்? கடைசி நாற்காலி அவனுடையது என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்டார்கள். அதில் உட்கார்ந்தவனை வருடம் முழுக்க டீக்கடையில் ஓட்டுவார்கள். ‘பன்னெண்டு வர்றாரு, பாத்துப் பேசுங்கப்பா, போயிச் சொல்லிருவாரு’ என்பார்கள். அதனால் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து முன் நாற்காலிகளைப் பிடித்துவிடுவார்கள். பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி துண்டு போட்டு வைத்தவரையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. சாமியார் கழுவப் போகிற காலை யாரும் அழுக்கோடு கொண்டுவர மாட்டார்கள். செங்கல்லால் குதிகாலைத் தேய்த்து, சோப்புப் போட்டு, நகம் வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, மாப்பிள்ளைக் கால் மாதிரி கொண்டுவந்து நீட்டுவார்கள். கழுவின காலைத்தான் கழுவ விடுகிறார்கள் என்று என் வீட்டுக்காரி சிரிப்பாள். அவள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அவள் வைக்கிற நண்டுக் குழம்பைப் பற்றி ஒரு பக்கம் சொல்லலாம். மருமகள் முறைக்கிறாள்.

நான் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. யாராவது கூப்பிட்டால் கால் சரியில்லை என்பேன். இடது காலில் எனக்குச் சுண்டு விரல் கிடையாது. ஆனால் காரணம் அது இல்லை. காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் குவாரிக்குப் போக வேண்டும்.

வாலிப வயதில் கல் குவாரியில் வேலை பார்த்தேன். வெடி வைக்கிறதுக்கு முன்னால் ஒருவன் சிவப்புக் கொடியோடு மேட்டில் நின்று விசில் ஊத வேண்டும். ஆடு மாடு மேய்க்கிறவர்கள் அதைக் கேட்டு விலகிப் போவார்கள். அந்த வேலை எனக்கும் என் கூட்டாளிக்கும் மாறி மாறி வரும். ஒரே வயது, ஒரே தெரு, வாடா போடா என்று பழக்கம். ஒருநாள் என் முறை. நான் பீடி குடிக்கப் பாறை மறைவுக்குப் போய்விட்டேன். விசில் இல்லாமலே வெடி போயிற்று. ஒரு கல் பறந்துபோய்ப் பக்கத்துக் கொல்லையில் நின்ற சினைமாட்டின் காலை முறித்துவிட்டது. மாட்டுக்காரர் கத்திக்கொண்டு வந்து நிற்கிறார். யார் முறை என்று மேஸ்திரி கேட்டார். நான் வாயால் சொல்லக்கூட இல்லை. கூட்டாளி பக்கம் கையை நீட்டினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் அவன் எங்கள் கோயிலில் கோயில்பிள்ளையாகச் சேர்ந்தான். மணி அடிக்கிறது, மெழுகுவத்தி ஏற்றுகிறது, பூசையில் சாமியாருக்கு எடுத்துக் கொடுக்கிறது எல்லாம் அவன் வேலை. ஒருநாள் தெருவில் எதிரே வந்தான். நான் எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்று பார்ப்பதற்குள் கிட்டே வந்து, “வாங்க, சாப்புட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

வாடா என்று கூப்பிட்டவன் வாங்க என்கிறான். அடித்திருந்தால் வலி ரெண்டு நாளில் போயிருக்கும். இந்த ‘ங்க’ போகவில்லை. நாற்பத்தைந்து வருடம் அதே வாங்க, அதே போங்க. என்னைத் தள்ளி நிறுத்திவிட்டான் என்று புரிந்துகொண்டேன். ஆண்டவரும் என்னை அப்படித்தான் தள்ளி நிறுத்தியிருக்கிறார் என்று என் மனதில் பதிந்துவிட்டது. அடுத்த வருடம் கல் விழுந்து சுண்டு விரல் போனபோது, இது அந்தக் கையை நீட்டினதுக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் இல்லை. வந்த சாமியார் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்றுதான் சொன்னார்கள். ஒருவர், “இதத்தான போன வருசமும் சொன்னீங்க?” என்று கேட்டேவிட்டார். கூட்டாளியிடம் மட்டும் சொல்லவில்லை. மன்னிப்பு மற்றவர்களுக்குச் சரி, எனக்குச் செல்லாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அதோடு ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. யேசு கால் கழுவினாரே, அப்போது அந்தக் காட்டிக்கொடுத்தவன் அங்கே இருந்தானா? இருந்தால் அவன் காலையும் கழுவினாரா, தாண்டிப் போய்விட்டாரா? எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் நானே பார்த்திருப்பேன். ஊரில் விசாரித்தேன். அவன் அதற்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டான் என்று பால்காரர் அடித்துச் சொன்னார். கோயிலில் பாட்டுப் பாடுகிற டீச்சரம்மா, கழுவியிருப்பார், ஆனால் மேலாகத்தான் கழுவியிருப்பார் என்றது. சாமியாரைக் கேட்க மட்டும் பயம். தாண்டித்தான் போனார் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நான் எங்கே போவது?

அந்த வியாழக்கிழமை நான் சர்க்கரை மாத்திரை வாங்கப் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரிசை நகரவில்லை. திரும்பி வந்த பஸ் வழியில் டயர் மாற்ற நின்றது. ஸ்டாப்பில் இறங்கி, ரோடு போடத் தோண்டிப் போட்டிருந்த செம்மண்ணில் நடந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினால், வார் இருந்த இடம் மட்டும் கறுப்பாக, மற்றதெல்லாம் செம்மண். கடைசித் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் வந்து, மிஞ்சினது கடைசி நாற்காலிதான் என்று பார்த்ததும், இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று போய்விட்டாராம். பூசை தொடங்க வேண்டும். கோயில்பிள்ளை பீடத்துப் பக்கம் நின்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு நேரே என்னிடம் நடந்து வந்தான்.

“வாங்க, ஒரு எடம் இருக்கு.”

எந்த இடம் என்று எனக்குத் தெரியும். சரி, இன்றைக்கு ஊர் முன்னால் திருப்பிக் கொடுக்கிறான் என்று நினைத்தேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அவன் மாட்டேன் என்று சொல்லவில்லையே. எழுந்து போனேன். நான் உட்காரும்போது வரிசையில் ஒருவர், “பன்னெண்டு நெறைஞ்சிருச்சுப்பா” என்று மெதுவாகச் சொன்னார். ரெண்டு பேர் தோள் குலுங்கினது.

பிரசங்கம் முடிந்து சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். கோயில்பிள்ளை செம்பில் தண்ணீரோடு கூடவே வந்தான். அவன் ஊற்ற, சாமியார் கழுவுவார். கீழே பித்தளைத் தாம்பாளம். ஒவ்வொரு காலாக வருகிறது. நான் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு கால் கழுவியும் அடியில் போட்டிருந்த பூ வேலைப்பாடு தெரிகிறது. அவ்வளவு தெளிவான தண்ணீர்.

என் முறை வந்தது. வலது காலை நீட்டினேன், இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். தண்ணீர் விழுந்ததும் செம்மண் கரைந்து ஓடித் தாம்பாளம் சிவப்பாகிவிட்டது. முன் வரிசைப் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். எனக்குக் காலை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. சாமியார் சின்ன வயசுக்காரர். விரலிடுக்கில் எல்லாம் விரலை விட்டு, அவசரமில்லாமல் தேய்த்தார். கழுவி முடித்துத் துண்டை எடுத்தார். அப்போது மேலேயிருந்து கோயில்பிள்ளை குரல், எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு.

“அந்தக் காலையும் நீட்டுங்க.”

ஒரு கால்தான் வழக்கம். நான் அசையவில்லை. அவன் சாமியாரிடம், “இன்னும் தண்ணி இருக்கு சாமி” என்றான். அவர் எதுவும் கேட்காமல், குனிந்து, நாற்காலிக்கு அடியில் கையை விட்டு, விரல் இல்லாத அந்தக் காலைப் பிடித்து வெளியே எடுத்தார். செம்பில் இருந்த மிச்சத் தண்ணீர் முழுவதையும் கோயில்பிள்ளை அதில் ஊற்றினான்.

பூசை முடிந்து பக்கவாசலில் சாமியாரைப் பிடித்தேன். பயத்தை எல்லாம் அந்தத் தண்ணீரோடு விட்டுவிட்டேன் போல. “சாமி, அன்னைக்கி அவன் காலையும் கழுவுனாரா?” என்று கேட்டேன். யார் காலை என்று அவர் கேட்கவில்லை.

“கழுவுனாரு தாத்தா. பன்னெண்டு பேருக்கும்தான். அதுக்கப்பறந்தான் அவன் எந்திரிச்சுப் போறான்.”

“எத்தனாவது ஆளா?”

“அது எங்கயும் எழுதல.”

“அப்ப மொத ஆளாக்கூட இருக்கலாம்?”

“இருக்கலாம்.”

“இன்னது செய்யப் போறான்னு தெரிஞ்சேவா கழுவுனாரு?”

“தெரிஞ்சுதான்” என்றுவிட்டு உள்ளே போனார்.

அப்படியானால் அவன் கால் ஈரம் காய்வதற்குள் எழுந்து போயிருப்பான். அந்தக் கழுவின காலோடுதான் காட்டிக்கொடுக்க நடந்திருக்கிறான். போகிற வழியில் ஒருதரம் குனிந்து காலைப் பார்த்திருப்பானோ? இதையெல்லாம் யோசித்துக்கொண்டே கோயிலுக்குப் பின்னால் போனேன். கோயில்பிள்ளை அந்தச் சிவப்புத் தண்ணீரை வேப்பமரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“அன்னைக்கி விசில் மொறை என்னோடது” என்றேன். நாற்பத்தைந்து வருடம் சொல்லாதது, இவ்வளவுதான் நீளம்.

“தெரியும்” என்றான். தாம்பாளத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

“தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்த?”

“ஒங்களுக்குக் கைப்புள்ள இருந்துச்சு. எனக்குக் கல்யாணமே ஆகல. ரெண்டுல ஒருத்தன் போகணும்னா நான் போறதுதான சரி?”

அந்தக் கைப்பிள்ளைதான் இதை எழுதுகிறவளின் புருஷன். கடைசியில் கேட்டேன், அப்படியானால் இத்தனை வருடம் என்னை ஏன் வாங்க போங்க என்று தள்ளி வைத்தாய் என்று. அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான், தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு.

“தள்ளி வச்சேனா? நான் வேலைக்குச் சேந்தப்ப இருந்த பெரிய சாமி, கோயில்பிள்ளைன்னா எல்லாரையும் மரியாதையாத்தான் கூப்புடணும்னு சொல்லிட்டாரு. அப்பிடியே பழகிப்போச்சு. எம் பொண்டாட்டியவே வாங்கன்னுதான் கூப்புடுறேன். கோயிலுக்குள்ள வர்ற நாயைக்கூட வெளிய போங்கங்குறேன். நீங்க கேட்டதே இல்லையா?”

கேட்டிருக்கிறேன். நாயை அவன் அப்படி விரட்டுவதை ஊரே கேட்டுச் சிரித்திருக்கிறது. எனக்குச் சொன்னதை மட்டும் நான் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை பழைய மாதிரி கூப்பிடு என்று கேட்டேன். வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

“வர மாட்டேங்குதுங்க” என்றான்.

அதிலிருந்து வருடா வருடம் கடைசி நாற்காலி எனக்குத்தான். யாரும் அடிதடி போட வேண்டியதில்லை. பெரிய வியாழன் வந்தால் மருமகள் சோப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். சாமியார் கழுவத்தானே போகிறார், எதற்கு என்று தப்பித்து ஓடிவிடுகிறேன். டீக்கடையில் பன்னெண்டு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, என்னப்பா என்கிறேன். எத்தனாவது என்று எங்கேயும் எழுதவில்லை என்று அவர்களுக்கும் சொல்லிப் பார்த்தேன். யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கூட்டாளியின் மரியாதையைக் கோபம் என்று எடுத்துக்கொண்ட மாதிரியே, ஆண்டவர் பேசாமல் இருந்ததையும் கோபம் என்று எடுத்துக்கொண்டு, வயசெல்லாம் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் விடியும்போது கோயில் மணியை அவன்தான் அடிக்கிறான். முன்பெல்லாம் எனக்கென்றே ஓங்கி அடிக்கிறான் என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். இப்போதும் எனக்கென்றே அடிக்கிறான் என்றுதான் நினைக்கிறேன், நினைத்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, ரெண்டு காலையும் தரையில் வைக்கிறேன்.